பெட்டி கட்டுமுன் பத்திரங்களைக் கட்டுங்கள்



லாபு வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு வீட்டில் நான் பார்த்த காட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுப் பிள்ளை அஸ்கார் வாத்தானியா என்னும் தொண்டர் படையில் சேர்ந்தவர். மறுநாள் விடியற்காலையில் அவர் முகாமுக்குப் புறப்பட வேண்டும். முன்தினம் மாலையில் வீடே பரபரப்பாக இருந்தது. தாயார் எலுமிச்சை ஊறுகாயைப் போத்தலில் அடைத்துக் கொண்டிருந்தார். மனைவி உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக் கொண்டிருந்தார். தகப்பனார் கோயிலிலிருந்து விபூதி வாங்கி வந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தார். தைலம், நூல், ஊசி, சவர்க்காரம் என்று ஒன்றும் மறக்கப்படவில்லை.

நான் சும்மா இருக்காமல் அந்த இளம் பெண்ணிடம் கேட்டேன்: "ஏம்மா, உன் வீட்டுக்காரர் பேங்க் புத்தகம் எங்கே இருக்கிறது?" அவர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மகனைப் பார்த்தார். "சேமநிதியில் யார் பெயரை எழுதியிருக்கிறாய், தம்பி?" என்று மகனைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது வேலைக்குச் சேர்ந்த புதுசுல எழுதினது சார், ஞாபகம் இல்லே" என்றார். உடனே தாயார், "என்னங்க சார், பிள்ளை புறப்படுகிற நேரத்திலே இப்படி அபசகுனமாப் பேசுறீங்களே" என்று குறைபட்டுக் கொண்டார்.

நேயர்களே, அந்தத் தாயாரை நான் குறை சொல்லமாட்டேன். நம் வீடுகளில் பெரும்பாலோரின் எண்ணம் அதுதான். ஆனால் ஊறுகாய்ப் போத்தலுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியையாவது பத்திரங்களுக்குக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைத் தடுத்துவிடலாம். இன்று நான் உங்களோடு பேச வந்தது அதைப் பற்றித்தான்.

தொண்டர் படை என்பது நமக்குப் புதிதல்ல. அஸ்கார் வாத்தானியா 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட படை. அதில் இருப்பவர்கள் மற்ற நாள்களில் உங்களையும் என்னையும்போல் வேலைக்குப் போய் வருகிறவர்கள். தொழிற்சாலைக்காரர், லாரி ஓட்டுநர், ஆசிரியர், தோட்டத் தொழிலாளி எல்லாரும் உண்டு. பெண்களும் உண்டு. ஓய்வு நாள்களில் பயிற்சி எடுப்பார்கள். ஆண்டு முகாமுக்குப் போவார்கள். நாட்டுக்கு ஆபத்து என்றால் அழைப்பு வரும். 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசியக் கொன்ஃப்ரொந்தாசி காலத்தில் அப்படித் தொண்டர் படையினர் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். அழைப்பு வருகிற நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே ஆயத்தம் அழைப்புக்கு முன்பே இருக்கவேண்டும்.

நம் மாநிலத்தின் பழைய கதை ஒன்றைக் கேளுங்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தொண்டர் படை என்று ஒன்று இருந்தது. அதன் மூன்றாவது பட்டாளம் நெகிரி செம்பிலானுக்கு உரியது. தோட்டத் துரைமார்கள் பலர் அதில் இருந்தார்கள். 1941ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி அந்தப் படை பணிக்கு அழைக்கப்பட்டது. ஒரு வாரத்தில், டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பானியர் கோத்தா பாருவில் வந்து இறங்கிவிட்டார்கள். காலையில் பெரட்டில் நின்று பேர் எடுத்த துரை, சீருடை போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு பல தோட்டங்களைக் கிராணிகளும் கங்காணிகளும்தான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே ஒருவர் கையில் எல்லாக் கணக்கும் இருந்து, அவர் திடீரென்று போய்விட்டால் பின்னால் இருப்பவர்கள் என்ன பாடு படுவார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம். தோட்டத்துக்கு ஏற்பட்ட கதி வீட்டுக்கும் ஏற்படும்.

அதைவிடக் கொடியது சயாம் மரண ரயில். அது படைச் சேவை அல்ல. வலுக்கட்டாயமாகக் கொண்டுபோன வேலை. ஆனாலும் நம் வீடுகள் அதிலிருந்து கற்கவேண்டியது உண்டு. 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் இருப்புப்பாதை போட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் ஏராளம். யார் போனார், யார் இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்பதற்கு வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், பொட்டை அழிக்கவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல் வாழ்ந்து முடிந்த பாட்டிமார்களை என் வயதுக்காரர்கள் நேரில் பார்த்திருக்கிறோம். ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கொண்டு எதையாவது கேட்கவும், "நான் இன்னாரின் மனைவி" என்று காட்டக் கையில் ஏதாவது வேண்டுமே!

அன்று நம் மக்களில் பலருக்கு எழுத்தும் தெரியாது. எழுதி வைக்க அவகாசமும் கொடுக்கப்படவில்லை. இன்று நமக்கு இரண்டும் இருக்கின்றன. இருந்தும் செய்யாமல் விட்டால் அது நம் குற்றம்தான்.

சரி, என்னென்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, திருமணப் பதிவு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி கோயிலில் செய்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடக்கும் திருமணத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டினாலும், பதிவுப் பத்திரம் இல்லையென்றால், நாளைக்கு அரசாங்க முகப்பில் "நீங்கள் அவருக்கு யார்?" என்று கேட்பார்கள். மேளம் வாசித்தவரையும் சமையல் செய்தவரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் பெரிது. பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டால், பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் தானாக ஏறாது. தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் எழுதுவார்கள். தகப்பன் முகாமில் இருக்கும்போது பிள்ளை பிறந்தால் சேர்ந்து கேட்பது எப்படி? பிள்ளையின் குடியுரிமையும் அப்போது தாயைப் பொறுத்ததாகிவிடுகிறது. தாய் இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், தகப்பன் நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவராக இருந்தும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் நிற்க நேரிடலாம். இப்படிப் பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகள் நம் தோட்டங்களில் உண்டு.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். திருமணப் பதிவுக்கு மனுக் கொடுத்தபின், சாதாரணமாக 21 நாள் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். அதனால் அழைப்புக் கடிதம் வந்தபிறகு சிரம்பான் பதிவிலாகாவுக்கு ஓடினால் நாள் போதாது. இன்னும் பதிவு செய்யாதவர்கள் இந்த மாதமே கிளம்புங்கள்.

இரண்டாவது, சேமநிதி. 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, நம் உழைப்பிலிருந்து பிடித்துச் சேர்த்து வைக்கும் நிதி அது. தோட்டத் தொழிலாளிக்குப் பல நேரங்களில் அதுதான் ஒரே சொத்து. சேமநிதியில் நாம் ஒருவரை நியமித்திருந்தால், முஸ்லிம் அல்லாதவர்களைப் பொறுத்தவரை பணம் அந்த நியமனதாரருக்கே சேரும். உயிலில் வேறு பெயரை எழுதினாலும் செல்லாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. பெயரும் தோட்டமும் வேண்டாம். ஒரு பையன் 18 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது தாயின் பெயரை எழுதினான். அது நியாயந்தான், அப்போது அவனுக்குத் தாயை விட்டால் யார்? பிறகு திருமணம் ஆயிற்று. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. பெயரை மாற்றவில்லை. முகாம் முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது பெரிய சாலையில் விபத்து. போர்க்களத்துக்கே போகாத பையன் வீட்டு வாசலுக்கு வராமலே போய்விட்டான். பணம் முழுவதும் தாயின் கைக்கு வந்தது. அந்தத் தாய் நல்லவர். மருமகளுக்கும் பேத்திக்கும் கொடுக்கத்தான் நினைத்தார். ஆனால் மூத்த மகனுக்குக் கடன். இளைய மகளுக்குக் கல்யாணம். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்று ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டார்கள். இரண்டாண்டுகளில் பணம் கரைந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்த வீட்டில் இரண்டு அடுப்பு மூண்டது. அந்த மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இதில் கெட்டவர் யார் என்று கேட்டால், என்னால் ஒருவரையும் கைகாட்ட முடியவில்லை. ஒரு பாரத்தில் பெயரை மாற்ற ஒரு காலை நேரம் ஒதுக்காததுதான் குறை. ஆகவே திருமணம், பிள்ளைப் பிறப்பு, மணமுறிவு, நியமித்தவர் மரணம் ஆகிய ஒவ்வொன்றுக்குப் பின்னும் சேமநிதி அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைச் சரிபாருங்கள். கட்டணம் கிடையாது. மனைவிக்கு இத்தனை பங்கு, தாய்க்கு இத்தனை பங்கு என்று பிரித்தும் எழுதலாம். தாயை ஒதுக்கச் சொல்லவில்லை. இருவரையும் நினைக்கச் சொல்கிறேன்.

கூட்டுறவுச் சங்கப் பங்குகளையும் மறக்காதீர்கள். துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் எழுந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய காசில் பங்கு வாங்கினார்கள். வீட்டில் அந்தப் பங்குப் பத்திரமோ ரசீதோ கிடந்தால் அது யார் பெயரில் இருக்கிறது, வாரிசாக யாரை எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, உயில். "நமக்கென்ன காணியா பூமியா, உயில் எழுத?" என்று கேட்கிறீர்கள். கம்போங் பக்கத்தில் ஒரு மலிவு விலை வீடு, ஒரு மோட்டார் சைக்கிள், பேங்கில் கொஞ்சம் பணம், மனைவியின் நகை. இதுவே போதும், உயிலுக்கு.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரித்துக் கொடுக்கும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அது சொல்லும் கணக்கு இதுதான். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால், மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. பெற்றோர் இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளை இல்லாமல் மனைவியும் பெற்றோரும் இருந்தால் பாதிக்குப் பாதி. இந்தக் கணக்கு உங்கள் மனத்துக்குச் சரியென்று பட்டால் நல்லது. இல்லை, வீடு மனைவிக்கே இருக்கவேண்டும் என்று நினைத்தால் உயில்தான் வழி. இங்கேயும் மனைவி என்றால் சட்டப்படியான மனைவி, பிள்ளை என்றால் சட்டப்படியான பிள்ளை. திருமணப் பதிவை நான் முதலில் சொன்னதன் காரணம் புரிகிறதல்லவா?

உயில் எழுதுவது கடினமில்லை. 18 வயது நிறைந்தவர் எழுதலாம். எழுத்தில் இருக்கவேண்டும். முடிவில் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து அதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்துப் போடவேண்டும். சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. நின்றால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணம் ஆனதும் ரத்தாகிவிடும், புதிதாக எழுதவேண்டும்.

படைவீரர்களுக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை தருகிறது. இந்தச் சலுகைக்கு வயது இரண்டாயிரம் ஆண்டு. ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் காலத்திலேயே, போருக்குப் போன சிப்பாய் சடங்கு சம்பிரதாயம் இல்லாமல் தன் கடைசி விருப்பத்தைச் சொல்லலாம் என்று வைத்தார்கள். கேடயத்தின்மேல் தன் இரத்தத்தால் எழுதினாலும், வாள் முனையால் மண்ணில் கீறினாலும் செல்லும் என்று பின்னால் கான்ஸ்டன்டைன் மன்னர் ஆணையிட்டார். அந்த வழியில் வந்ததுதான் நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தில் 26ஆம் பிரிவு. உண்மையான போர்ச் சேவையில் இருக்கும் வீரர் சாதாரண விதிமுறைகள் இல்லாமலே உயில் செய்யலாம் என்று அது இடம் கொடுக்கிறது.

ஆனால் இதை நம்பி இருந்துவிடாதீர்கள். அது உண்மையான போர்ச் சேவையில் இருப்பவருக்கு. வார இறுதிப் பயிற்சிக்குப் போகிறவருக்கு என்று எண்ணக்கூடாது. நான் சொன்ன பையன் இறந்தது முகாமிலிருந்து வருகிற சாலையில். வீட்டிலே மேசை இருக்கிறது, பேனா இருக்கிறது, பக்கத்து வீட்டில் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு மண்ணில் வாளால் எழுதுவானேன்?

நான்காவது, உயிரோடு இருக்கும்போது தேவைப்படும் அதிகாரம். மகன் முகாமில் இருக்கிறார். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும். தவணைக் கடனைப் பற்றிப் பேங்கில் பேசவேண்டும். "ஆள் நேரில் வரட்டும்" என்பார்கள். இதற்குத்தான் பவர் பத்திரம் என்று நாம் சொல்லும் அதிகாரப் பத்திரம். நம்பிக்கையான ஒருவருக்கு இன்னின்ன காரியத்தைச் செய்ய அதிகாரம் கொடுக்கலாம். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர், மாஜிஸ்திரேட், சத்தியப் பிரமாண ஆணையர் போன்றவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்யவேண்டும். எல்லா அதிகாரத்தையும் அள்ளிக் கொடுக்காதீர்கள். எந்தக் காரியத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதுங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் அன்றே முடிந்துபோகும். ஆகவே பவர் பத்திரம் உயிலுக்கு மாற்று அல்ல.

ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் மனைவியிடம் கொடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லக்கூடாது என்பது பேங்கின் விதி. கணக்குக்காரர் இறந்தபின் அட்டையைப் போட்டுப் பணம் எடுத்தால் மற்ற வாரிசுகள் வழக்குப் போடலாம். அதைவிட, இருவர் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தை அதில் போட்டு வைப்பது நல்லது. இந்தக் காலத்தில் பேங்க் கணக்கே கைப்பேசிக்குள் இருக்கிறது. எந்தப் பேங்கில் கணக்கு என்ற விவரமாவது வீட்டில் ஒரு காகிதத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவது, சின்னப் பிள்ளைகளின் காப்பாளர். தாய் தகப்பன் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையை வளர்ப்பது யார்? 1961ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி உயிலிலோ தனிப் பத்திரத்திலோ காப்பாளரை எழுதி வைக்கலாம். எழுதுமுன் அந்தச் சித்தியையோ மாமாவையோ நேரில் கேளுங்கள். கேட்காமல் எழுதினால் பிள்ளைதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும்.

ஆறாவது, வேலையும் வீடும். தோட்டத்து லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலைக்காரர் பல வாரம் இல்லாவிட்டால் குடும்பம் வீட்டில் இருக்கலாமா, சம்பளம் எப்படி, விடுப்பு எந்த வகை என்று மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு மேனேஜர் மாறினால் காற்றோடு போய்விடும். எழுதத் தெரியாவிட்டால் சங்கக் கிளைத் தலைவரிடம் போங்கள். படைப் பிரிவு கொடுத்த அழைப்புக் கடிதத்தின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கவேண்டும்.

ஏழாவது, கொடுக்கல் வாங்கல். சீட்டுப் பணம் யாரிடம் கட்டுகிறோம், கடைப் பற்று எவ்வளவு, மோட்டார் சைக்கிள் தவணை எந்தத் தேதி என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். முக்கியமாக அடகுச் சீட்டு. அடகுப் பொருளை மீட்கச் சட்டம் கொடுக்கும் தவணை ஆறு மாதம். கணவன் சட்டைப் பையில் அடகுச் சீட்டோடு முகாமுக்குப் போய்விட்டால், மனைவியின் தாலிக்கொடி ஏலத்துக்குப் போவது அவருக்கே தெரியாது.

தாய்மார்களே, இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது என்று மலைக்காதீர்கள். ஒரு வழி சொல்கிறேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக் கழுவிக் காய வையுங்கள். அதில் திருமணப் பத்திரம், எல்லாருடைய பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டை நகல்கள், சேமநிதி, சொக்சோ காகிதங்கள், பேங்க் புத்தகம், வீட்டுப் பத்திர நகல், உயில், அடகுச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மேலே ஒரு தாளில் உள்ளே இருப்பவற்றின் பட்டியலையும், ஆபத்துக்கு அழைக்கவேண்டிய மூன்று பேரின் தொலைபேசி எண்களையும் எழுதுங்கள். அந்த டின் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பத்திரம் ஒரு பாதி என்றால் மனம் மறு பாதி. புறப்படுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் குடும்பமாக உட்காருங்கள். அப்பாவின் மருந்தை யார் வாங்கி வருவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவது, எப்போது தொலைபேசியில் பேசலாம், எப்போது பேச முடியாது என்று பேசி முடிவு செய்யுங்கள். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே இருக்கும்போதே சேமநிதி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தனியாக ஒருவரிடம் ஒன்று, மற்றவரிடம் ஒன்று சொல்லாதீர்கள். பிள்ளைகளிடம் "அப்பா கடைக்குப் போயிருக்கிறார்" என்று பொய் சொல்லாதீர்கள். எங்கே போகிறார், எத்தனை நாள் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பிள்ளை மந்தமாக இருந்தால் அவருக்குக் காரணம் தெரியும்.

இப்போது அபசகுனத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்வதில்லை; "போய் வருகிறேன்" என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் உயில் எழுதியதால் இறந்தவர் ஒருவரும் இல்லை. எழுதாததால் பிழைத்தவரும் இல்லை. கூரையை மழைக்கு முன் வேய்வது மழையைக் கூப்பிடுவதாகாது. வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற நிம்மதியோடு போகிறவர் முகாமில் தன் வேலையைக் கவனமாகச் செய்வார். மனத்தில் பாதி வீட்டில் இருப்பவர் கையில் துப்பாக்கி இருப்பதுதான் ஆபத்து.

முதலில் சொன்ன வீட்டுக்கு மீண்டும் போவோம். அன்று அந்தத் தாயார் என்மேல் கோபப்பட்டாலும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகனைக் கூப்பிட்டு, "சார் சொன்னது சரிதாண்டா, தம்பி. என் பேரு மட்டும் இருந்தா, நான் போன பிறகு இவளுக்கு யாரு?" என்று அவரே கேட்டாராம். மகன் முகாமிலிருந்து திரும்பிய மறு வாரமே மூவருமாகச் சிரம்பானுக்குப் பஸ் ஏறினார்கள். சேமநிதியில் மனைவிக்கும் தாய்க்கும் பங்கு பிரித்து எழுதினார்கள். திரும்பும் வழியில் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான் செலவான நேரம்.

படையில் இருப்பவருக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போகிறவர் எல்லாருக்கும் இது பொருந்தும். இன்று இரவு உங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நம் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன?" பதில் உடனே வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் நாளைக்கே தேடத் தொடங்குங்கள்.